ஜெராக்ஸ் கடையில விட்டுட்டு வர்ற வாட்ஸ்அப்

வேலூர் காந்தி ரோட்டுல ஜெராக்ஸ் கடைக்கு குறைச்சலே இல்ல. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க ரூம் எடுக்கணும்னா லாட்ஜ்ல ஆதார் காபி கேப்பாங்க, கல்கத்தாவுல இருந்து வந்தவங்களும் சரி குடியாத்தத்துல இருந்து வந்தவங்களும் சரி எல்லாத்தையும் போன்லயே வெச்சிகினு வந்து கடை வாசல்ல நிப்பாங்க. கடைக்காரர் இன்னா சொல்வாரு, "வாட்ஸ்அப் வெப் ஓபன்ல கீதுணா, ஸ்கேன் பண்ணிக்கோங்க". பண்ணுவோம், பிரிண்ட் வரும், சில்லறை குடுத்துட்டு கெளம்பிடுவோம். லாக் அவுட்?

அதை யாரும் பண்றதில்ல. நீங்க பாகாயம் போய் சேர்ந்த பிறகும் அந்த கம்ப்யூட்டர்ல உங்க சாட் ஓடிகினேதான் இருக்கும், வீட்டு குரூப்பு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு, பேங்க் பாஸ்புக் போட்டோ எல்லாம். போன்ல 14 நாளு வாட்ஸ்அப்பையே தொடலைன்னா அது தானா கழண்டுக்கும், நம்மளால 14 நிமிஷம் முடியுமா? கடைக்காரரை திருடன்னு சொல்லல, வரிசையில ஆளுங்க நிக்கிற அவசரம் அவருக்கு, ஆனா அடுத்து அந்த சீட்ல யாரு உக்காருவாங்கன்னு அவருக்கே தெரியாது. இப்பவே வாட்ஸ்அப்ல மூணு புள்ளியை அமுக்கி லிங்க்டு டிவைசஸ் உள்ள போய் பாருங்க, உங்களுது இல்லாத குரோம், விண்டோஸ்னு எதனா இருந்தா தூக்கிடுங்க.

ஸ்கேன் வேணாம்னு கடை நம்பருக்கே ஆதார் பிடிஎஃப் அனுப்பறவங்க இன்னொரு ரகம். பாஸ்வேர்டு இருக்கேன்னு ஒரு தைரியம் வேற. அது பேரோட முதல் 4 இங்கிலீஷ் எழுத்தும் பொறந்த வருஷமும்தான், அதையும் நாமளே அடுத்த மெசேஜ்ல டைப் பண்ணி குடுத்துடறோம். சாட்ல டெலிட் பண்ணாலும் கம்ப்யூட்டர் டவுன்லோட்ஸ்ல அது அப்படியே கெடக்கும், அதனால பிரிண்ட் ஆனதும் அங்கயே நின்னு அழிக்க சொல்லுங்க, மூஞ்சி சுளிச்சா சுளிக்கட்டும். கடைசி 4 நம்பர் மட்டும் தெரியிற மாஸ்க்டு ஆதாரை, ஆதார் குடுக்கற யுஐடிஏஐ சைட்லயே எடுக்கலாம், லாட்ஜ்ல அது போதுமான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

அப்புறம் இந்த கல்யாண பத்திரிகை. முகூர்த்த மாசம் வந்தா போன்ல பத்திரிகை வர்றது சகஜம்தான், ஆனா பத்திரிகை போட்டோவா வரும், வீடியோவா வரும், பிடிஎஃப்பா வரும், ஏபிகேவா வராது. ஏபிகேன்னா அது ஒரு ஆப். தொட்டா முதல்ல தெரியாத இடத்து ஆப்புக்கு அனுமதி கேக்கும், அப்புறம் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேக்கும், ரெண்டுக்கும் அலவ் குடுத்தா உங்க ஓடிபி நேரா எவன்கிட்டயோ போயிகினு இருக்கும். மாமா நம்பர்ல இருந்து வந்ததுதானேன்னு நம்பாதீங்க, மாமா போன் ஏற்கனவே மாட்டியிருக்கலாம், ஒரு கால் போட்டு "மாமா, யாருக்கு கல்யாணம்?"னு கேட்டா முடிஞ்சு போச்சு. வண்டிக்கு ஃபைன்னு வர்ற ஏபிகேவும் இதே கதைதான்.

பணம் வாங்க யூபிஐ பின் தேவையே இல்ல, அனுப்பத்தான் வேணும். இதுக்கு மேல இதுல பேச ஒண்ணும் இல்ல.

ஸ்கிரீன் லாக் போட்டுட்டு நிம்மதியா இருக்கறாங்க பாருங்க, அது எனக்கு புரியவே மாட்டேங்குது. பழைய பஸ் ஸ்டாண்ட் கூட்டத்துல போனை அடிச்சவன் லாக்கை எதுக்கு உடைக்கப் போறான், சிம்மை கழட்டி வேற போன்ல போட்டா ஓடிபி அங்க வரும். செட்டிங்ஸ்ல சிம் லாக் இருக்கு, வேற போன்ல போட்டாலும் பின் கேக்கும், ஆன் பண்ணுங்க, ஆனா சிம்முக்கு ஏற்கனவே இருக்கற பின் இன்னான்னு சிம் கம்பெனியில கேட்டுட்டு பண்ணுங்க, மூணு தடவை தப்பா போட்டா பியுகேன்னு லாக்கை எடுக்கற இன்னொரு நம்பரை கேட்டு நின்னுடும்.

பணம் போயிடுச்சுன்னா காலையில பேங்க் தொறக்கட்டும்னு உக்காந்திருக்காதீங்க, உடனே சைபர் மோசடிக்கான ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணுங்க. பணம் அக்கவுண்ட் மாறி மாறி ஓடும், யாரும் எடுக்கறதுக்குள்ள நிறுத்தினாத்தான் உண்டு. எவ்ளோ, எத்தனை மணிக்கு, டிரான்சாக்‌ஷன் நம்பர் இன்னான்னு கையில வெச்சிகினு பேசுங்க. பேங்க் நம்பரை கூகுள்ல தேடாதீங்க, அங்கயும் டுபாக்கூர் நம்பருங்க கீது, ஏடிஎம் கார்டு பின்னாடி அச்சடிச்சிருக்கறதை பாத்து போடுங்க.