டர்பன் ஈரக் காற்றில் உள்காதுத் திசுவுக்கு பெக் ஜெல் போடுவது

ஆய்வகத்தில் உள்காதுத் திசு வளர்ப்பவர்கள், செல்லைத் தாங்கி வளர்க்கப் பெரும்பாலும் மேட்ரிஜெல் என்கிற ஜெல்லைத்தான் நம்புகிறார்கள். சுண்டெலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுப்பது என்பதால் பாட்சுக்குப் பாட்சு மாறும். போன தடவை வந்த முடிச்செல் (ஒலியை உணரும் உள்காதுச் செல்) இந்தத் தடவை வரவில்லை என்றால் கோளாறு செல்லிலா ஜெல்லிலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. பெக் என்கிற பாலிஎதிலீன் கிளைகால் ஜெல்லில் அந்தச் சந்தேகம் குறைவு, உள்ளே என்ன இருக்கிறதோ அதெல்லாம் நீங்கள் போட்டதுதான்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால், "அதான் 2019இல் பிரிட்டோரியாவில் பண்ணிவிட்டார்களே" என்பார்கள். அது நடுக்காது எலும்பு, முப்பரிமாண அச்சில் செய்து பொருத்தியது. நாம் பேசுவது காசநோய்க்குப் போட்ட கானமைசின், அமிகாசின் ஊசிகள் கொன்றுபோடும் முடிச்செல்லைப் பற்றி. 2018இல் தென்னாப்பிரிக்காவில் ஊசிக்குப் பதில் பெடாகுயிலின் மாத்திரை வந்துவிட்டது, ஆனால் ஏற்கெனவே செத்த முடிச்செல் மனிதக் காதில் திரும்ப முளைக்காது.

சரி, வேலைக்கு வருவோம். நான்கு கை பெக்-மெலிமைடு (ஒவ்வொரு கை நுனியிலும், தயோல் என்கிற கந்தகத் தொகுதியோடு ஒட்டும் மெலிமைடு உள்ள பெக்) பொடியை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள். பிப்ரவரி மாத டர்பன் காற்றில் குளிர்ந்த குப்பியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் படியும், மெலிமைடு நீரில் சிதையும், அப்புறம் ஜெல் கட்டவே கட்டாது. மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரட்டும்.

முதலில் செல் பிடித்துக்கொள்ள ஆர்ஜிடி பெப்டைடைச் சேருங்கள். மிச்சமிருக்கும் மெலிமைடு கைகளைக் கணக்குப் போட்டு, அதற்குச் சமமான தயோல் வருகிற அளவுக்கு, செல் தன் நொதியால் வெட்டக்கூடிய குறுக்கிணைப்பியை (பெக் கைகளை ஒன்றோடொன்று கட்டி ஜெல்லாக்கும் பொருள்) சேருங்கள். அதை அப்போதைக்கப்போது கரைக்க வேண்டும், வைத்திருந்தால் தயோல் ஆக்சிஜனேற்றம் ஆகிவிடும். பிஎச் 7.4இல் பிப்பெட்டுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் வேகம் இந்தக் கலவைக்கு உண்டு, கொஞ்சம் அமிலப் பக்கம் இறக்கினால் செல் திரளோடு சீராகக் கலக்க நேரம் கிடைக்கும்.

விறைப்பை ஜெல் ஊறி உப்பிய பிறகு அளந்து பாருங்கள், கட்டியவுடன் அளப்பது வீண். பெக் அளவை மட்டும் மாற்றி மூன்று விறைப்புகள் போடுங்கள், ஆர்ஜிடியைத் தொடாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பக்கத்திலேயே ஒரு தட்டு மேட்ரிஜெல் ஓடட்டும். சுண்டெலிச் செல் என்றால் சுமார் மூன்று வாரம், மனிதச் செல் என்றால் இரண்டு மாதத்துக்கு மேல் பொறுத்து, முடிச்செல்லைக் காட்டும் மயோசின் 7ஏ சாயம் போட்டுப் பாருங்கள். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) காலத்தில் இன்குபேட்டருக்கு பேட்டரி இல்லாமல் மனிதச் செல்லில் இறங்கவே வேண்டாம்.