புது யோசனை எப்படி வருகிறது: துறைக்குத் துறை நாம் செய்யும் தவறுகள்

சி. வி. ராமன் கப்பலில் போகும்போது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று யோசித்தார், நோபல் பரிசு வாங்கினார். பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்த கதை இவ்வளவுதான். இதில் பொய் இல்லை, ஆனால் நடுவில் ஏழு வருடம் காணாமல் போயிருக்கிறது. ஆராய்ச்சிக்கு வரும் மாணவர்களை அதிகம் கெடுப்பது இப்படி வெட்டிச் சுருக்கிய கதைகள்தான் என்று நினைக்கிறேன். இவற்றை நம்பி வருபவர்கள் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருக்கிறார்கள், அது வராமல் போனால் நமக்கெல்லாம் அந்த மூளை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

1921இல் மத்தியதரைக் கடலில் ராமன் வெறுமனே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கையில் ஒரு நிகோல் பட்டகம், அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம் இருந்தது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வானத்து ஒளியை அதைக் கொண்டு மறைத்துவிட்டு, மிச்சம் என்ன நிறம் தெரிகிறது என்று பார்த்தார். நீலம் போகவில்லை. கடல் காட்டுவது வானத்தின் நீலத்தைத்தான் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலியின் விளக்கம் போதாது, நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று தெரிந்தது. அப்புறம் கல்கத்தாவில் ஒவ்வொரு திரவமாக எடுத்துச் சோதனை. 1923இல் அவருடன் வேலை செய்த கே. ஆர். ராமநாதன், சிதறிய ஒளியோடு நிறம் மாறிய மங்கலான ஒளி ஒன்றும் சேர்ந்து வருவதைக் கவனித்தார். திரவத்தில் ஏதோ அழுக்கு என்றுதான் முதலில் நினைத்தார்கள். திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தும் அந்த ஒளி போகவில்லை. 1928இல் ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் புதுவகைக் கதிர்வீச்சு என்று அறிவித்தது அதைத்தான்.

ஆய்வகத் துறைகளில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறு இங்கேயே தெரிகிறது. ரீடிங் ஒத்துவரவில்லை என்றதும் 'கருவிப் பிழை' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். பெரும்பாலும் அது பிழையாகத்தான் இருக்கும், சரி. ஆனால் பிழை என்று சந்தேகப்பட்டதை நீக்கிவிட்டு மறுபடி பார்த்தோமா? அதைச் செய்யாதவரை அதற்குப் பிழை என்று பெயர் வைக்க நமக்கு உரிமை இல்லை.

கணிதக்காரர்கள் ஏமாறும் இடம் வேறு. பிரெஞ்சுக் கணிதர் புவான்கரே கூட்டான்ஸ் என்ற ஊரில் குதிரை வண்டிப் படியில் கால் வைத்தபோது ஃபுக்ஸியன் சார்புகள் என்ற ஒருவகைக் கணிதச் சார்புகள் பற்றிய முக்கியமான விடை தோன்றியதாக அவரே 1908இல் ஓர் உரையில் சொல்லியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு 'ஓய்வெடுத்தால் விடை வரும்' என்று சொல்பவர்கள், அதே உரையில் அதற்கு முன் பதினைந்து நாள் மேசையில் உட்கார்ந்து மல்லுக்கட்டியதாக அவர் சொன்னதையும், ஊருக்குத் திரும்பியதும் நிதானமாக அதைச் சரிபார்த்ததையும் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சரிபார்ப்பு எவ்வளவு கொடியது என்பதற்கு ஆங்கிலேயக் கணிதர் ஆண்ட்ரூ வைல்ஸ் போதும். 1993 ஜூனில், முந்நூறு வருடத்துக்கு மேல் யாரும் நிறுவாமல் கிடந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவிவிட்டதாக அறிவித்தார், பரிசீலனையில் ஓட்டை தெரிந்தது, ரிச்சர்ட் டெய்லரின் உதவியோடு அதை அடைக்க அடுத்த வருடம் செப்டம்பர் வரை ஆனது.

1926இல் கிரகாம் வாலஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் படைப்பாக்கத்தை நான்கு கட்டமாகப் பிரித்தார்: தயாராவது, ஊறப்போடுவது, பளிச்சென்று தோன்றுவது, சரிபார்ப்பது. நல்ல பிரிப்புதான். பயிலரங்குகளில் இதை மாடிப்படி மாதிரி வரைந்து காட்டும்போதுதான் கெட்டுப்போகிறது, ஏனென்றால் உண்மையில் ஒருவர் ஒரே வாரத்தில் இந்த நான்குக்கும் நடுவே முன்னும் பின்னும் போய்க்கொண்டிருப்பார்.

இலக்கியம், மொழியியல், வரலாறு படிப்பவர்களிடம் நான் பார்க்கும் தவறு, அறிவியல் துறையின் அச்சை அப்படியே இரவல் வாங்குவது. நூலை முழுதாகப் படிக்கும் முன்பே ஆய்வுத் திட்டத்தில் 'கருதுகோள்' என்று ஒரு பத்தி எழுதியாக வேண்டும், அப்புறம் மூன்று வருடம் அதற்குச் சாட்சி தேடுவதே வேலையாகிவிடுகிறது. மூவாயிரம் வருடத்துக்கு மேல் பழைய லீனியர் பி என்ற எழுத்தைப் படித்த கதையை இவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கிரேக்க நாட்டின் கிரீட் தீவிலும் பைலோஸ் என்ற ஊரிலும் கிடைத்த களிமண் பலகைகள், எழுத்தும் தெரியாது, மொழியும் தெரியாது. நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரியில் லத்தீன் கற்பித்த ஆலிஸ் கோபர், இது என்ன மொழி என்று ஊகிக்கவே மறுத்தார். போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில், பழைய வாழ்த்து அட்டைகளையும் தேவாலயத் துண்டறிக்கைகளையும் வெட்டி, எந்தக் குறி எந்தக் குறியோடு வருகிறது என்று குறித்துக் குறித்து சிகரெட் பெட்டிகளில் அடுக்கினார். மொத்தம் சுமார் 1,80,000 அட்டைகள். சொற்களின் அடி மாறாமல் கடைசிக் குறிகள் மட்டும் மாறுவதை, அதாவது நம் வேற்றுமை உருபு மாதிரி ஒன்று அங்கே இருப்பதைக் காட்டினார். 1950இல் இறந்துவிட்டார்.

கட்டடக் கலைஞரான மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த வழியிலேயே, எந்தெந்தக் குறிகளுக்கு ஒரே மெய், எவற்றுக்கு ஒரே உயிர் என்று காட்டும் ஓர் அட்டவணை போட்டார். பலகைகளில் இருப்பது பழைய இத்தாலியில் பேசப்பட்ட எட்ருஸ்கன் சார்ந்த மொழி என்பது அவருடைய நெடுநாள் நம்பிக்கை. 1952இல் சில சொற்களில் அம்னிசோஸ், நோசோஸ் என்ற கிரீட் ஊர்ப்பெயர்களைப் பொருத்திப் பார்த்தபோது கிரேக்கம் தலைகாட்டியது, அவரும் நம்பிக்கையை மாற்றிக்கொண்டார். ஊகிக்க அவசரப்படுவதும் தவறு, கடைசிவரை ஊகிக்கவே பயப்படுவதும் தவறு. இரண்டுக்கும் எல்லை எங்கே என்று கேட்டால், ஊகம் தப்பானால் அது எங்கே வெளிப்படும் என்று சொல்ல முடிகிற நேரம் வந்ததும் ஊகிக்கலாம் என்பேன்.

வென்ட்ரிஸுக்கு அப்படி ஓர் இடம் வாய்த்தது. அமெரிக்கத் தொல்லியலாளர் கார்ல் பிளேகன் பைலோஸில் தோண்டி எடுத்த பலகை ஒன்றை 1953இல் வென்ட்ரிஸின் அட்டவணையை வைத்துப் படித்தார். அட்டவணை போடும்போது வென்ட்ரிஸ் பார்த்திராத பலகை அது. முக்காலிப் பாத்திரம் வரைந்திருந்த இடத்தில் கிரேக்கத்தில் முக்காலி என்றே வந்தது, நான்கு காது (கைப்பிடி), மூன்று காது, காதே இல்லாத பானைகளின் படங்களுக்குப் பக்கத்திலும் அதற்கேற்ற சொற்களே வந்தன.

புதுப் பலகைக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பத்து நூல்களை எடுத்து ஆய்வு செய்பவர் இரண்டைத் தொடாமல் ஒதுக்கி வைக்கலாம். எட்டில் கண்டதை வைத்து அந்த இரண்டில் என்ன இருக்கும் என்று முதலில் எழுதி, தேதி போட்டு, வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டு அப்புறம் திறந்து படியுங்கள்.