திருநங்கைக்கும் திருநம்பிக்கும் வீடு வாடகைக்கு விடுவோர் கவனத்துக்கு

தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலேயே திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. பரதநாட்டியக் கலைஞரான திருநங்கை நர்த்தகி நடராஜுக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது. திருநங்கை பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளரானார். இத்தனைக்குப் பிறகும், 'டு லெட்' பலகையைப் பார்த்து வாசலுக்கு வரும் திருநங்கைக்கும், பிறப்பில் பெண்ணெனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிக்கும் வீடு கிடைப்பது அரிதாகவே இருக்கிறது. வீட்டு உரிமையாளர் மனம் வைத்தால் இதை மாற்ற முடியும்.

முதலில், உங்கள் பகுதியில் மறுப்பு எந்த வடிவில் வருகிறது என்று பாருங்கள். உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் லைன் வீடுகளில் இடம் கிடைத்துவிடுவதுண்டு. ஆனால் மற்றவர்களிடம் வாங்குவதைவிடக் கூடுதல் வாடகையும் அட்வான்ஸும் கேட்கப்படும். நடுத்தர வர்க்கத் தெருக்களில், "எனக்கு ஒன்றுமில்லை, அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ" என்ற பேச்சோடு வீடு கைநழுவும். வசதியானவர்களின் அடுக்குமாடிகளில் யாரும் முகத்துக்கு நேரே மறுப்பதில்லை. 'குடும்பத்துக்கு மட்டும்' என்ற சங்க விதியும் "இப்போதுதான் வேறொருவருக்கு முடிந்தது" என்ற தரகரின் பதிலும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. இந்த நாகரிகமான மறுப்பே மிகக் கொடியது என்பேன், ஏனென்றால் எதிர்த்துக் கேட்பதற்கு அது எதையும் விட்டுவைப்பதில்லை.

வாடகை பேசும்போது, வேறு யார் வந்திருந்தாலும் என்ன கேட்டிருப்பீர்களோ அதையே கேளுங்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாத நிலையில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அதே சட்டம் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பிறந்த வீட்டைவிட்டு வெளியேறியவர்களுக்குப் பழைய முகவரி பயன்படாது என்பதால், அந்த ஒப்பந்தம் இல்லாமல் எரிவாயு இணைப்பு முதல் வங்கிக் கணக்கு வரை ஒவ்வொன்றும் தடைபடும். "வாய்வார்த்தையே போதும்" என்று நீங்கள் பெருந்தன்மையாகச் சொன்னாலும் இழப்பு அவர்களுக்குத்தான்.

ஆதார் அட்டையில் பழைய பெயரும் பழைய பாலினமும் இருக்கக்கூடும். திருநம்பிகள் பலருக்குப் பேச்சு முறிவது அந்த அட்டையைக் கையில் கொடுக்கும் இடத்தில்தான். ஒப்பந்தத்தில் ஆவணப் பெயரை எழுதிக்கொண்டு, பேசும்போது அவர் சொல்லும் பெயரையே சொல்லுங்கள். பழைய பெயரைத் தரகரிடமோ அண்டை வீட்டாரிடமோ பகிர வேண்டாம். எத்தனை பேர் தங்குவார்கள், என்ன வேலை, வாடகை எந்தத் தேதியில் வரும் என்ற கேள்விகள் போதும். அறுவை சிகிச்சையைப் பற்றி எவரிடமும் கேட்க வேண்டியதில்லை.

திருநங்கையர் பலருக்கு, ஜமாத் என்னும் தங்கள் சமூக அமைப்பில் உறவாக ஏற்றுக்கொண்ட தாயும் மகள்களுமே குடும்பம். அவர்கள் வந்து ஓரிரு நாள் தங்குவதை, மற்ற குடித்தனக்காரர் வீட்டுக்கு உறவினர் வருவதைப் போலவே கொள்ளுங்கள். 'குடும்பத்துக்கு மட்டும்' என்று சொல்பவர்களுக்கும் இதையே பதிலாகச் சொல்லலாம்.

அக்கம்பக்கத்தார் முறையிட்டால், என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று கேளுங்கள். இரைச்சல் என்றால் எல்லோருக்கும் உள்ள விதியின்படி பேசித் தீர்க்கலாம். "பார்க்கவே ஒரு மாதிரியாக இருக்கிறது" என்பது முறையீடே அல்ல. வாடகைக்கு வீடு தருவதில் பாகுபாடு காட்டுவதை 2019ஆம் ஆண்டு திருநர் (திருநங்கை, திருநம்பி உள்ளிட்டோர்) உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. குடியிருக்கும் இடத்திலிருந்து அவர்களைக் கட்டாயமாக வெளியேற்றுவதைக் குற்றம் என்கிறது. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி நெருக்கடி தருவதை வாடகைச் சட்டமும் அனுமதிப்பதில்லை. குடியிருப்புச் சங்கம் தொடர்ந்து வற்புறுத்தினால், ஆட்சேபணையைக் காரணத்தோடும் கையொப்பத்தோடும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதன் நகலைக் குடியிருப்பவரிடமும் கொடுத்துவிடுங்கள்.