பெடல் ஸ்டீல் கிட்டாரைத் தூர தேசத்துக்கு விற்பது எப்படி

பெடல் ஸ்டீல் கிட்டார் என்பது கால்களின் மேல் மேசைபோல் கிடக்கும் கருவி; கம்பிகளின் மேல் ‘பார்’ என்ற உலோகத் துண்டை நகர்த்தி, பெடல்களாலும் முழங்கால் லீவர்களாலும் சுருதியை மாற்றி வாசிப்பார்கள். அது சாதாரண இசைக்கருவிக் கடைகளில் கிடைக்காது. டெக்சஸ், டென்னசி, கொலராடோ போன்ற அமெரிக்க மாநிலங்களில் ஒருவரோ நாலைந்து பேரோ வேலை செய்யும் பட்டறைகளில், பெரும்பாலும் ஆர்டர் வந்த பிறகுதான் அது உருவாகிறது. வாங்குகிறவர் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கன்ட்ரி இசைக் குழுக்கள் இருக்கின்றன. ஜப்பானில் வாசிப்பவர்களும் உண்டு, தயாரிப்பாளர்களும் உண்டு. நைஜீரியாவின் ஜூஜூ இசைக்குள் இந்தக் கருவியைக் கொண்டுவந்தவர் கிங் சன்னி அடே. அமெரிக்காவிலேயே ஹவுஸ் ஆஃப் காட் தேவாலயங்களில் ஆராதனை முழுவதையும் ஸ்டீல் கிட்டார்தான் நடத்துகிறது.

இவர்களை எட்ட விளம்பரம் பெரிய தடையாக இருக்காது. கருவி போய்ச் சேர்ந்த ஊரில் அதைச் சரிபார்க்கத் தெரிந்த ஒரு ஆள்கூட இல்லாமல் போவதுதான் உண்மையான சிக்கல். அதனால் தூரத்து விற்பனை என்பது பட்டறை மேசையிலேயே முக்கால்வாசி முடிந்துவிட வேண்டிய வேலை.

ஆர்டரில் முதலில் எழுத வேண்டியது

நிறமும் மரமும் பிறகு. முதலில் கோப்பிடன்ட்: எந்தக் கம்பி எந்த ஸ்வரம், எந்தப் பெடலும் எந்த முழங்கால் லீவரும் எதை எவ்வளவு ஏற்றும், இறக்கும் என்கிற கட்டம். ஈ9 என்ற பரவலான பத்துக் கம்பிச் சுருதி அமைப்பில் ஏ பெடல் 5, 10ஆம் கம்பிகளை பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றும். பி பெடல் 3, 6ஆம் கம்பிகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-வுக்கு ஏற்றும். சி பெடல் 4ஆம் கம்பியை எஃப் ஷார்ப்புக்கும் 5ஆம் கம்பியை சி ஷார்ப்புக்கும் ஏற்றும். இது எல்லோருக்கும் பொது. ஆனால் பெடல்களின் வரிசை பொது இல்லை. பட்டி எம்மன்ஸ் என்ற வாசிப்பாளரின் முறையில் இடமிருந்து வலமாக ஏ, பி, சி. ஜிம்மி டே என்ற வாசிப்பாளரின் முறையில் அப்படியே தலைகீழாக சி, பி, ஏ. டே முறையில் கால் பழகியவருக்கு எம்மன்ஸ் முறைக் கருவி போய்ச் சேர்ந்தால், அவர் அதைக் கவிழ்த்துப் போட்டு பெடலின் இழுப்பைக் கம்பிக்குக் கொண்டுபோகும் இழுகம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். புதியவரால் அது முடியாது.

முழங்கால் லீவர்களில் குழப்பம் இன்னும் அதிகம். ஈ-யை எஃப்-க்கு ஏற்றுவது இடது முழங்காலை இடப்பக்கம் தள்ளும் லீவரிலா, ஈ-யை இறக்குவது இடது காலிலா வலது காலிலா என்பது ஆளுக்கு ஆள் மாறும். வாயால் பேசி முடிக்காதீர்கள். காலியான கட்டம் ஒன்றை அனுப்பி, வாங்குகிறவர் கையாலேயே நிரப்பி வாங்குங்கள். முன்பணம் வாங்கும் நாளில் அந்தத் தாளில் இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும். தேவாலய வாசிப்பாளர்கள் பலர் தங்களுக்கே உரிய சுருதி அமைப்புகளை வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் ஈ9 என்று நீங்களாக எண்ணிக்கொள்வது பெரிய தவறு.

அடுத்து உடல் அளவு. வாங்குகிறவர் வாசிக்கும்போது போடும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு, வாசிக்கும் இருக்கையிலேயே உட்கார்ந்து, தரையிலிருந்து தொடையின் மேற்பரப்பு வரை அளந்து அனுப்பட்டும். உயரமானவருக்கு வழக்கமான உயரத்தில் அனுப்பினால் முழங்கால் கருவியின் அடியில் இடிக்கும், மேல்நோக்கித் தள்ளும் லீவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அழுந்தும். கருவியின் கால்களையும் பெடல் கம்பிகளையும் ஓரிரு அங்குலம் கூட்டினால் தீர்ந்துவிடும். ஆனால் இரண்டையும் சேர்த்தே கூட்ட வேண்டும். காலை மட்டும் நீட்டினால் பெடல் தரையை விட்டு எழும்பி நிற்கும்.

அனுப்புவதற்கு முன் சோதனை

கம்பி போட்டு, இரண்டு நாளாவது இழுவையில் விட்டுவிட்டுச் சோதியுங்கள். மூன்று விஷயங்களை அளந்து எழுத வேண்டும்.

முதலாவது, உடல் வளைவால் வரும் சுருதி இறக்கம். பெடலை மிதிக்கும்போது கம்பிகளின் இழுவை கூடி உடல் துளி வளைகிறது, மிதிக்காத கம்பிகள் சற்றுத் தளர்கின்றன. ஏ, பி இரண்டையும் சேர்த்து மிதித்துக்கொண்டு 4ஆம் கம்பியை மீட்டி, எத்தனை சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) இறங்குகிறது என்று டியூனரில் பாருங்கள். மூன்று நாலு சென்ட் என்றால் காது பொறுத்துக்கொள்ளும். பத்தை நெருங்கினால் அந்தக் கருவியை அனுப்பாதீர்கள். இந்த எண்ணை மறைக்காமல் வாங்குகிறவருக்குச் சொல்லும் பட்டறைக்கு நல்ல பெயர் தானாக வரும்.

இரண்டாவது, திரும்பி வருதல். லீவரால் இறக்கிய கம்பி, லீவரை விட்டதும் பழைய ஸ்வரத்துக்கே வந்து நிற்கிறதா? வரவில்லை என்றால் சேஞ்சரின், அதாவது கம்பியை ஏற்றி இறக்கும் பொறியின், விரல்களில் உராய்வு இருக்கலாம், திரும்பு ஸ்பிரிங் வலுக்குறைந்திருக்கலாம், தலைப்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் நட்டின் உருளையில் கம்பி சிக்கியிருக்கலாம். இருபது முறை அழுத்தி விட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் முள் நிற்கும் வரை விடாதீர்கள்.

மூன்றாவது, 3ஆம் கம்பி. 0.011 அங்குல மெல்லிய கம்பி ஜி ஷார்ப்பில் ஏற்கெனவே விறைப்பாக நிற்கிறது. பி பெடல் அதை மேலும் அரை ஸ்வரம் இழுக்கிறது. மிதிக்கும் ஒவ்வொரு முறையும் சேஞ்சர் விரலின் உச்சியில் ஒரே இடத்தில் அது வளைந்து நிமிர்கிறது. விரலின் வளைவில் மெல்லிய கீறல் இருந்தாலே கம்பி அங்கே அறுந்துபோகும். நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடுக்கினால் மெருகேற்றாமல் அனுப்பக் கூடாது.

இந்தச் சோதனையையே காணொளியாக எடுங்கள். கருவியைக் கவிழ்த்து அடிப்பாகத்தின் இழுகம்பிகள், குறுக்குத் தண்டுகள், லீவர்கள் எல்லாம் நல்ல வெளிச்சத்தில் தெரிய வேண்டும். வாங்க நினைப்பவர் பளபளப்பைவிட அடிப்பாகத்தையே உற்றுப் பார்க்கிறார்.

பெட்டிக்குள் என்ன போக வேண்டும்

சுருதி சேர்க்கும் நைலான் நட்டுகளுக்கான 3/16 அங்குலச் சாவி இரண்டு. ஒன்று கட்டாயம் தொலையும். அமெரிக்கக் கருவிகளின் திருகுகள் அங்குல அளவிலானவை. மில்லிமீட்டர் புழங்கும் நாட்டில் அந்த ஆலன் கீ கடையில் கிடைக்காது, ஆகவே தேவையான அளவுகள் எல்லாம் ஒரு செட். 3ஆம் கம்பி ஒரு டஜன், முழு செட் இரண்டு. திரும்பு ஸ்பிரிங் சில, நைலான் நட்டு பத்து. ஒப்பமிட்ட கோப்பிடன்ட் தாள் லேமினேட் செய்து உறையில்.

போகக் கூடாதவையும் உண்டு. சேஞ்சரைச் சுத்தம் செய்யப் பலரும் சிகரெட் லைட்டர் திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது தீப்பற்றும் பொருள், விமானத்தில் ஏற்றக் கூடாது. லித்தியம் பேட்டரி டியூனருக்கும் விமானத்தில் கட்டுப்பாடுகள் உண்டு, அதையும் தவிர்த்துவிடுங்கள். நல்லெண்ணத்தில் வைத்த ஒரு சின்ன பாட்டில் முழுச் சரக்கையும் நிறுத்திவிடும்.

பெட்டி கட்டுதல்

தூர விற்பனையில் அதிகம் சேதமாவது இங்கேதான். பெரும்பாலான பெட்டிகளில் கருவி குப்புறக் கிடக்கும், அடிப்பாகம் மேலே பார்க்கும். வாசிப்பவர் பெட்டியைத் திறந்ததும் நான்கு கால்களையும் திருகி, பெடல் கட்டையை மாட்டி, பெடல் கம்பிகளைக் கோத்து, பிறகு நிமிர்த்துவார். ஆகவே பயணம் முழுவதும் கருவியின் எடையை இரு முனை உலோகத் தகடுகளே தாங்க வேண்டும். கீழே உள்ள நுரை சுருதித் திருகுகள் இருக்கும் தலைப்பக்கத்தில் அழுத்தினால், பெட்டி ஒருமுறை கீழே விழுந்தாலே திருகின் தண்டு வளையும். அந்த இடத்தில் நுரையை வெட்டிக் குழி விடுங்கள்.

பெடல் கட்டை, நான்கு கால், பெடல் கம்பிகள், இவை ஒவ்வொன்றும் தனித்தனித் துணி உறையில். ஒரு கால் உறையிலிருந்து நழுவினால் போதும், லாக்கர் பூச்சில் உளி வைத்ததுபோல் தடம் விழும். பெடல் கம்பிகளுக்கு 1, 2, 3 என்று பட்டை ஒட்டுங்கள். லீவர்களை மடக்கி, ஆடாதபடி இடையில் துணிச் சுருள் வையுங்கள். கம்பிகளை முழுவதும் தளர்த்த வேண்டாம், ஓரளவு இறக்கினால் போதும்.

வெளி அட்டைப்பெட்டி இரட்டைச் சுவர் கொண்டது. எல்லாப் பக்கமும் குறைந்தது 2 அங்குல இடைவெளி, மூலைகளில் அடர்நுரை. மூலைதான் முதலில் தரையில் மோதும். மரக்கூடு கட்டுவதாக இருந்தால் வெப்பம் காட்டிய முத்திரை குத்திய மரம் வேண்டும். இல்லையென்றால் பல நாட்டுத் துறைமுகங்களில் நிறுத்திவிடுவார்கள். பிளைவுட்டுக்கு இந்த விதி இல்லை.

பெட்டியின் அளவை யோசித்து வையுங்கள். பெரிய அமெரிக்கக் கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தை அங்குலத்தில் பெருக்கி 139-ஆல் வகுத்து வரும் எடைக்கும் உண்மை எடைக்கும் எது அதிகமோ அதற்கே கட்டணம் போடுகின்றன. 40, 18, 14 அங்குலப் பெட்டி என்றால் கணக்கெடை சுமார் 73 பவுண்டு. உள்ளே ஒற்றைக் கழுத்துக் கருவி 50 பவுண்டே இருந்தாலும் காசு 73-க்குத்தான். தேவைக்கு மேல் பெருக்கிய ஒவ்வொரு அங்குலமும் பணம்.

லாக்கர் பூசிய கருவியானால் அட்டையின் மேலேயே எழுதுங்கள்: வீட்டுக்குள் கொண்டுபோய் 24 மணி நேரம் திறக்காதீர்கள். குளிரில் வந்த பெட்டியைச் சூடான அறையில் உடனே திறந்தால் பூச்சில் மயிரிழை போன்ற விரிசல் விழும். மைக்கா ஒட்டிய உடலுக்கு இந்தப் பயம் இல்லை, முதல் ஏற்றுமதிக்கு அதுவே நல்ல தேர்வு.

தாள்களும் விலையும்

சுங்க வகைப்பாட்டில் இது 9207.90, மின்வழி ஒலி பெருக்கப்படும் கருவி. உதிரிபாகம் தனியாகப் போனால் 9209. ‘மின்’ என்ற சொல்லைப் பார்த்துப் பேட்டரி பற்றிக் கேட்பார்கள். பேட்டரியும் மின் இணைப்பும் இல்லை என்று இன்வாய்சிலேயே எழுதிவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து 2500 டாலருக்கு மேற்பட்ட சரக்கை அனுப்பினால் ஏற்றுமதித் தகவலை அரசின் மின்னணு அமைப்பில் பதிய வேண்டும். கனடாவுக்குப் பொதுவாக இது தேவையில்லை.

மேப்பிள் மரத்துக்குச் சிக்கல் கிடையாது. ரோஸ்வுட் அலங்காரம் இருந்தால் கவனம். அருகிவரும் உயிரின வணிகம் பற்றிய சைட்டீஸ் ஒப்பந்தத்தின்படி 2017 ஜனவரியில் வந்த கட்டுப்பாட்டிலிருந்து முழுமையான இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. ஆனால் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. கிளிஞ்சல் பதிப்புக்கு வன உயிரின அறிவிப்பு கேட்கப்படலாம். வெளிநாட்டு ஆர்டர்களுக்கு இரண்டையும் தவிர்ப்பதே நிம்மதி.

விலை சொல்லும்போது வீட்டு வாசல் வரை ஆகும் செலவைச் சொல்லுங்கள். 4200 டாலர் கருவி, 400 டாலர் அனுப்புச் செலவு என்றால், பிரிட்டனில் 4600 டாலரின் மேல் 20 சதவீத வாட் மட்டுமே 920 டாலர். இறக்குமதித் தீர்வை இருந்தால் அதுவும், கூரியரின் கையாளும் கட்டணமும் தனி. இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வாங்கியவர் சரக்கை எடுக்க மறுப்பார், திரும்பி வரும் செலவும் உங்கள் தலையில் விழும். வாங்குகிறவர் ஊரின் வரியை யார் கட்டுவது என்பது முன்பணத் தாளிலேயே இருக்கட்டும். மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லிக் கேட்பார்கள். செய்யாதீர்கள். அது சட்டவிரோதம், உடைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

ஆட்களைச் சந்திக்கும் இடம்

மார்ச்சில் டல்லாஸ் பகுதியில் டெக்சஸ் ஸ்டீல் கிட்டார் சங்கம் நடத்தும் ஜம்போரி விழாவில் ஏற்கெனவே வாசிப்பவர்கள் கூடுவார்கள். ஆஸ்திரேலியாவுக்கு ஜனவரி மாத டாம்வர்த் கன்ட்ரி இசை விழா. அரங்கில் கருவியை வெறுமனே நிறுத்தி வைக்காதீர்கள். சரியான உயரத்தில் இருக்கை, வால்யூம் பெடல், ஹெட்போன், பல அளவுகளில் விரல் பிக் எல்லாம் வேண்டும். பெடல் இல்லாமல் மடியில் வைத்து வாசிக்கும் லேப் ஸ்டீல் வாசிப்பவர் வந்து உட்கார்ந்தால் அவரைத் தனியாகக் கவனியுங்கள். பார் பிடிக்கத் தெரிந்தவருக்குக் காலும் முழங்காலும் மட்டுமே புதிது. ஏ, பி பெடல்களை மட்டும் காட்டிப் பத்து நிமிடம் தனியே விடுங்கள்.

விற்ற பிறகு, வரிசை எண்வாரியாகக் கோப்பிடன்ட், இழுகம்பி மாட்டிய துளைகள், கம்பித் தடிமன், சோதனை அளவுகள் எல்லாவற்றையும் பதிந்து வையுங்கள். பழுது என்று கடிதம் வந்தால் கருவியைத் திருப்பி அனுப்பச் சொல்லாமல், பதிவைப் பார்த்து எந்த விரல், எந்த ஸ்பிரிங் என்று கண்டுபிடித்து அந்தப் பாகத்தை மட்டும் அனுப்பலாம். பத்து வருடம் கழித்து அந்தக் கருவி வேறொருவர் கைக்குப் போயிருக்கும், அவரும் உங்களுக்குத்தான் எழுதுவார்.