நார்வே ஃபியோர்டு ஒருநாள் பயணம்: எங்கே தவறுகிறோம்?

மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நுழைந்திருக்கும் குறுகிய நீர்வழிகள்தான் ஃபியோர்டுகள். அவற்றைப் பார்க்க 'நார்வே இன் எ நட்ஷெல்' என்று விற்கப்படும் பயணத்தை வழிகாட்டியோடு போகும் பேக்கேஜ் டூர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கொடி பிடித்துக்கொண்டு முன்னே நடக்கும் ஆள் யாரும் கிடையாது. வழக்கமாக ஓடும் ரயில், பஸ், படகு ஆகியவற்றின் டிக்கெட்டுகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். அவற்றைத் தனித்தனியாகவும் வாங்கலாம். நேர அட்டவணைகளை ஒத்துப்பார்க்கப் பொறுமை இருந்தால் அதுதான் நல்லது. எந்தப் படகு என்பதை நாமே முடிவு செய்யலாம்.

அடுத்தது, எங்கிருந்து கிளம்புவது என்பது. ஒஸ்லோவிலிருந்து காலையில் போய் அன்றிரவே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மலைமேல் இருக்கும் மிர்டால் நிலையத்துக்குப் போகவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மேற்குக் கடற்கரை நகரமான பெர்கனில் தங்கியிருந்தால் நிதானமாக முடியும்: வோஸ் வரை ரயில், குட்வாங்கனுக்கு பஸ், ஃப்ளோமுக்குப் படகு, அங்கிருந்து மலை ரயிலில் மிர்டால், பிறகு மீண்டும் பெர்கன். ஒஸ்லோவில் இருப்பவர்கள் பெர்கனில் பயணத்தை முடித்து, இரவு அங்கேயே தங்கிவிடுங்கள்.

எல்லோரும் ஃப்ளோம் ரயிலைப் பற்றியே பேசுகிறார்கள். 1940-இல் ஓடத் தொடங்கிய இந்தப் பாதை, சுமார் 20 கிலோமீட்டரில் கடல்மட்டத்திலிருந்து 866 மீட்டர் ஏறுகிறது. பொறியியல் சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் வழியில் 20 சுரங்கங்கள்! கேமராவைத் தூக்குவதற்குள் இருட்டு வந்துவிடும். ஷோஸ்ஃபாஸன் அருவியில் சில நிமிடம் நிறுத்துவார்கள். ரயிலே காலியாகி எல்லோரும் மேடைக்கு ஓடுவார்கள். என்னைக் கேட்டால், ரயில் துணைப் பலகாரம், படகுதான் சாப்பாடு.

அந்தப் படகில்தான் பெரிய தவறும் நடக்கிறது. குட்வாங்கன்–ஃப்ளோம் பயணம் சுமார் இரண்டு மணி நேரம். 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் நேரோய்ஃபியோர்டு, மிகக் குறுகிய இடத்தில் 250 மீட்டர் அகலம்தான். இருபுறமும் மலைகள் செங்குத்தாக எழுந்து நிற்கும். குளிருக்குப் பயந்து உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் பாதி மலைகூடக் கண்ணுக்குத் தெரியாது. ஜூலையிலும் மேல்தளத்தில் காற்று காதைப் பிடித்து இழுக்கும் என்பதால் காதை மூடும் தொப்பியும் காற்றுப் புகாத ஜாக்கெட்டும் கட்டாயம். முடிந்தால் மின்சாரப் படகைத் தேர்ந்தெடுங்கள். 2018-இல் வந்த 'ஃபியூச்சர் ஆஃப் தி ஃபியோர்ட்ஸ்' அப்படிப்பட்டது. எஞ்சின் இரைச்சல் இல்லாததால் அருவி விழும் சத்தம் கேட்கும். வழியில் உன்ட்ரெடால் என்ற குட்டிக் கிராமம் வரும். ஆட்டுப்பால் சீஸுக்குப் பெயர்போன ஊர். அங்குள்ள மரத் தேவாலயத்தில் 40 பேர்தான் உட்காரலாம்.

மழை என்று பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பெர்கன் பக்கம் வருடத்தில் பாதிக்கு மேல் மழை நாட்கள்தான். மழை பெய்த மறுநாள் அருவிகள் பொங்கி விழும். குளிர்காலத்தில் பார்க்க வேண்டியது வெளிச்சத்தை. டிசம்பர் பிற்பாதியில் பெர்கனில் பகல் 6 மணி நேரத்துக்கும் குறைவு. அப்போது நண்பகலை ஒட்டிய படகில் ஏறாவிட்டால் மலைகளின் கருநிழலை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

மிர்டாலில் ரயிலைத் தவறவிட்டால் சிரமம். அந்த நிலையத்துக்குக் கார் வரும் சாலை கிடையாது. டாக்ஸி பிடித்துத் தப்பிக்க முடியாது. அடுத்த ரயிலுக்கு மணிக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதனால் ஃப்ளோமிலிருந்து கிளம்பும்போது இணைப்பு ரயிலுக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டே டிக்கெட் போடுங்கள். ஃப்ளோமில் சொகுசுக் கப்பல் நிற்கும் நாளில் துறைமுகக் கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. பள்ளத்தாக்கில் ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தாலே கூட்டம் விட்டுப்போகும். ஓரிரவு அங்கே தங்க முடிந்தால் 650 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்டேகஸ்டைன் காட்சிமேடைக்கும் போய்வரலாம்.

சாப்பாடு கையில் இருக்கட்டும், சைவம் சாப்பிடுகிறவர்கள் மறக்கவே கூடாது. பெர்கனில் சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டியும் பழமும் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம், அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.