தரம் என்று சொல்லி வீட்டை நிரப்பாதீர்கள்

இனி குறைவாக வாங்குவோம், நல்லதாக வாங்குவோம் என்று முடிவெடுக்கிற வீடுகளில் அடுத்ததாக நடப்பது பெரும்பாலும் ஒரு பெரிய ஷொப்பிங். இருக்கிற சட்டி பானைகளை மூட்டை கட்டிவிட்டு முழு செட்டாகப் புதுசு வாங்குவார்கள். அலுமாரியைக் காலி செய்த அதே வாரத்தில் அதை நல்ல துணிகளால் நிரப்புவார்கள். தவறு இங்கேயே தொடங்குகிறது. பழைய மிக்சி ஓடுகிறதா, ஓடட்டும். பழுதான பொருளுக்குப் பதிலாக மட்டும் ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். பழையது எந்த இடத்தில் உடைந்தது என்று தெரிந்திருந்தால், கடையில் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும்.

அடுத்தது, விலையைத் தரம் என்று நம்புவது. கொழும்பில் காலி வீதியில் கண்ணாடி போட்ட பெரிய கடையில் வாங்கினால் நல்லது, புறக்கோட்டைச் சந்தையில் வாங்கினால் மட்டம் என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. விலையில் கடை வாடகையும் ஏசி பில்லும் சேர்ந்திருக்கின்றன. சட்டையை உட்புறம் திருப்பிப் பாருங்கள். தையல் நெருக்கமாக இருக்கிறதா, பிரித்துப் பெரிதாக்க உள்ளே துணி விட்டிருக்கிறார்களா, பொத்தான் இழுத்தால் ஆடுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

எவர்சில்வர் வாங்கும்போது பலர் காந்தத்தை வைத்துப் பார்க்கிறார்கள். ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று எடுத்துவிடுகிறார்கள். இந்தச் சோதனை ஏமாற்றும். நல்ல எவர்சில்வரான 304 என்ற வகையில் சுமார் 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் உண்டு. சில பாத்திரங்களில் 18/8 என்றும் அடித்திருக்கும். நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டிச் செய்யும் 201, 202 வகைகளிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போலக் கடல் உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் இவை 304ஐவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆகவே பாத்திரத்தின் அடியில் 304 அல்லது 18/8 என்று அடித்திருக்கிறதா என்று பாருங்கள். இன்டக்‌ஷன் அடுப்பு என்றால் கதை வேறு. அதற்குக் காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் கட்டாயம் வேண்டும்.

இவற்றை எல்லாம்விட எனக்கு மிகவும் வருத்தம் தருவது, நல்ல பொருளை வாங்கிப் பூட்டி வைப்பது. நல்ல கோப்பைகள் விருந்தாளிக்கு, நல்ல படுக்கை விரிப்பு யாராவது வெளிநாட்டிலிருந்து வந்து தங்கினால், நல்ல சப்பாத்து கல்யாண வீட்டுக்கு. வீட்டுக்காரர் மட்டும் காது உடைந்த கோப்பையில் தேத்தண்ணி குடிப்பார். கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம். பெரும்பாலான நாட்களில் ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல். பெட்டியில் சும்மா கிடந்தாலும் சாமான் பழுதாகும் ஊர் இது. பொலியூரிதேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கில் அடி போட்ட சப்பாத்தை சில வருடம் கழித்து எடுத்துப் போட்டால், நாலடி நடப்பதற்குள் அடி பொடிப்பொடியாக உதிரும். ஈரம் அந்தப் பிளாஸ்டிக்கின் வேதிப் பிணைப்புகளையே அறுத்துவிடுவதுதான் காரணம். தோல் மாதிரி இருக்கிற ஹேண்ட்பேக் உரிவதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். உண்மைத் தோல் அப்படி உரியாது, ஆனால் பூஞ்சணம் பிடிக்கும். பட்டுச்சேலையை ஒரே மடிப்பில் வருடக்கணக்காக வைத்தால் மடித்த இடத்தில் சரிகை முறியும், பட்டு கிழியும். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றிப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அதைவிட நல்லது, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு உடுத்திக்கொண்டு போவது.

சேர்த்து வைக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில், 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களிலேயே 360 ரூபா அளவுக்குப் போனதையும், காஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றதையும் பார்த்தவர்களுக்கு, கிடைக்கும்போது வாங்கி வைப்போம் என்ற பயம் வந்தது நியாயமே. ஆனால் பயத்தில் சேர்க்க வேண்டியவை கொஞ்சம்தான்: மருந்து, சில நாட்களுக்கு உலர் உணவு. மிளகாய்த்தூளையும் சரக்குத்தூளையும் கிலோக்கணக்கில் அரைத்து வைத்தால் வாசம் போய்விடும். முழுதாக வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக மில்லில் கொடுத்து அரைப்பதுதான் சரி.

மின்சாரச் சாமான் வாங்கும்போது உதிரிப்பாகத்தைப் பற்றிக் கேட்காமல் விடுவதும் பெரிய தவறு. மிக்சியின் பிளேடும் ஜாரின் ரப்பரும் தனியாகக் கிடைக்குமா, ரிப்பேர் செய்யும் இடம் கொழும்பிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் தடுமாறினால் அதை விட்டுவிடலாம்.

அப்புறம் வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பும் பார்சல். லண்டனில் இருந்தும் டொராண்டோவில் இருந்தும் பிள்ளைகள் அன்பாக அனுப்புவதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொல்லாமல் விடுவதால், குளிர்நாட்டு ஜாக்கெட்டும் நாலாவது ஹேண்ட்பேக்கும் இரண்டு அறை பிளாட்டின் கட்டிலுக்கடியில் சூட்கேஸ் சூட்கேஸாகக் கிடக்கின்றன. “பிள்ளை, இந்த முறை பருத்திச் சட்டை ரெண்டு மட்டும் அனுப்பு, இதுதான் அளவு” என்று அளவோடு கேட்டுவிடுங்கள். அனுப்புகிறவர்களுக்கும் என்ன வாங்குவது என்று கடை கடையாக அலைகிற வேலை மிச்சம்.