தொட்டிக்குள் வந்த துறவி நண்டு எந்த வகை? கண்டுபிடிப்பது எப்படி

நண்பர் ஒருவர் தன் கடல்நீர்த் தொட்டியைக் கலைத்தபோது எனக்குச் சில பாறைத் துண்டுகளைக் கொடுத்தார். மூன்றாம் நாள் இரவு விளக்கை அணைத்ததும், அவற்றிலிருந்து ஒரு ஹெர்மிட் நண்டு, அதாவது காலிச் சங்கில் குடியிருக்கும் துறவி நண்டு, இறங்கி வந்தது. காலில் நீலம் தெரிந்ததால், பாசி தின்பதற்காகக் கடைகளில் விற்கும் 'புளூ லெக்' என்று முடிவு செய்து இரண்டு மாதம் விட்டுவிட்டேன். அது வேறு வகை.

பிடிப்பது

இருட்டிய பிறகு ஒரு துண்டு இறாலைக் கண்ணாடியோரம் போட்டால் தானே வரும். இனிப்புக் கடை டப்பாவில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி அதில் விடுங்கள். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் தலை நீட்டும். தயவுசெய்து சங்கிலிருந்து இழுக்காதீர்கள். வால் நுனியால் உள்ளே இறுகப் பற்றியிருக்கும். உடம்பு கிழிந்தாலும் பிடியை விடாது.

படம் எடுப்பது

தொட்டியின் நீல விளக்கில் எடுத்த படம் எதற்கும் உதவாது, வெள்ளை வெளிச்சம் வேண்டும். யூ.எஸ்.பி. மைக்ரோஸ்கோப்பை விட, போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. நண்டு நகர்ந்தாலும் கூடவே நகரலாம். சங்கைப் பார்த்து வகை சொல்ல முடியாது. எது கிடைக்கிறதோ அதில்தான் குடியேறும்.

எந்தக் கொடுக்கு பெரியது?

நான் தடுமாறிய இடம் இதுதான். நண்டு நம்மைப் பார்த்து நிற்கும்போது அதன் இடது கொடுக்கு நம் வலது பக்கம் இருக்கும். நானோ போனின் முன்பக்கக் கேமராவில் எடுத்திருந்தேன். அது படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிவிட்டது. அதனால் பெரிய கொடுக்கு வலது என்று எழுதிவைத்து, வேறொரு குடும்பத்திலேயே தேடிக்கொண்டிருந்தேன். பின்பக்கக் கேமராவில், நண்டின் முதுகுப் பக்கமிருந்து எடுங்கள். அப்போது அதன் இடது, நமக்கும் இடது.

வலது பெரிதாக இருந்தால் பெரும்பாலும் பாகுரிடே குடும்பம். இடது பெரிது அல்லது இரண்டும் சமம் என்றால் டயோஜெனிடே. தொட்டிகளில் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவதைத்தான்.

டயோஜெனிடேயில் இரண்டு கொடுக்கும் ஏறக்குறைய சமமாக, விரல் நுனி கறுத்துக் குளம்புபோல இருந்தால் கிளிபனேரியஸ் என்ற பேரினம். கடையில் விற்கும் கரீபியன் புளூ லெக் (கிளிபனேரியஸ் டிரைகலர்) இதில் சேரும். இடது தெளிவாகப் பெரிதாக, வழவழப்பாக, நுனி வெளுத்திருந்தால் கால்சினஸ். இடது பெரிதாக, உடம்பெல்லாம் முரட்டு மயிராக இருந்தால் டார்டானஸ் என்று சந்தேகப்படுங்கள். சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட டார்டானஸ் மெஜிஸ்டோஸ் மிகப் பெரிதாக வளரும், நத்தைகளையும் விடாது. அதற்குத் தனித் தொட்டிதான்.

கண்காம்பும் மீசையும்

பேரினம் தெரிந்த பிறகுதான் நிறத்துக்கு வர வேண்டும். என்னுடையதற்கு நீலக் கண்காம்பு, ஆரஞ்சு மீசை, கால்களில் நீலப் பட்டை: கால்சினஸ் எலிகன்ஸ். இதே இனத்துக்கு ஹவாயில் கால் பட்டை ஆரஞ்சு நிறம்! நிறத்தை மட்டும் வைத்துத் தேடினால் அங்கே ஏமாந்துபோவோம். படத்தைப் பார்த்து இனம் சொல்லும் ஆப்களும் பெரும்பாலும் நிறத்தில்தான் சறுக்குகின்றன, பேரினம் வரைக்கும் மட்டும் நம்புங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், தன் நண்டுக்கு இரண்டு கொடுக்கும் சமம், ஆனால் மற்ற எதுவும் கிளிபனேரியஸோடு ஒத்துப்போகவில்லை என்று எழுதினார். படத்தைப் பார்த்தால் இடது கொடுக்கு ஒடிந்து புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. முளைக்கும் கொடுக்கு முதலில் சிறிதாகத்தான் இருக்கும். அப்படியானால் அடுத்த தோலுரிப்பு வரை பொறுங்கள். உரித்த தோல் செத்த நண்டுபோலவே கிடக்கும். தூக்கிப் போடாமல் எடுத்து வெள்ளைத் தட்டில் விரியுங்கள். வாயருகே உள்ள வெளிப்புறத் தாடைக்கால்களின் அடிப்பகுதி ஒட்டியிருந்தால் டயோஜெனிடே, நன்றாக விலகியிருந்தால் பாகுரிடே. கொடுக்கு ஒடிந்திருந்தாலும் இந்த அடையாளம் மாறாது.

அப்புறம், வேண்டாத நண்டைக் கடற்கரையில் விடலாமா என்று இன்னொருவர் கேட்டார். வேண்டாம். அது கரீபியன் இனமாக இருக்கலாம், நம் தொட்டி நோயையும் சுமந்து போகலாம். வளர்ப்பவர் யாருக்காவது கொடுங்கள்.